லெனின்கிராட் ராக் மன்றம்

லெனின்கிராட் ராக் மன்றம், ராக் இசைக்குழுக்கள் கூடிப் பாட சோவியத் அரசு இடங்கொடுத்த முதல் மன்றம். 1981 மார்ச் 7 அன்று லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), ருபின்ஸ்டீன் தெரு 13ஆம் எண் கட்டடத்தில் தொடங்கியது. அக்வாரியம், கினோ, ஸூபார்க், அலிஸா, டிடிடி, ஸ்திரான்னியே இக்ரி முதலிய குழுக்கள் இதில் உறுப்பினராக இருந்தன. 1980களில் ரஷ்ய மொழியில் உருவான ராக் பாடல்களில் இன்றும் கேட்கப்படுபவை பலவும் இந்த ஒரு முகவரியோடு தொடர்புடையவை.

மன்றத்தைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. சுதந்திரத்துக்காகப் போராடிய கலைஞர்களின் கோட்டை என்பது ஒன்று. இளைஞர்களைக் கண்காணிக்க உளவுத்துறை விரித்த வலை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் எந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் அங்கே நடந்தது விளங்காது. அரசின் கட்டடத்தில், அரசின் கருவிகளைக் கொண்டு, அரசு கொடுத்த சம்பளத்தில் வயிறு வளர்த்தபடி, அரசுக்குப் பிடிக்காத இசையைச் சிலர் பத்தாண்டுக் காலம் உருவாக்கினார்கள் என்பதே இதன் வரலாறு.

பின்னணி

சோவியத் ஒன்றியத்தில் மேற்கத்திய இசைமேல் இருந்த வேட்கை பழையது. 1940களின் பிற்பகுதியிலேயே லெனின்கிராடில் சிலர் மருத்துவமனைகள் தூக்கி எறிந்த எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, அவற்றின்மேல் ஜாஸ் இசையையும் தடை செய்யப்பட்ட ரஷ்யப் பாடல்களையும் பதிந்து விற்றார்கள். விலா எலும்பும் மண்டையோடும் தெரியும் அந்தத் தட்டுகள் சில முறை ஓடியதுமே தேய்ந்துவிடும். விற்றவர்களில் சிலர் சிறைக்கும் போனார்கள். டேப் ரெக்கார்டர் வீடுகளுக்கு வந்த பிறகு எக்ஸ்ரே தட்டுக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

1964இல் அமைந்த மெலோதியா நிறுவனத்திடமே நாட்டின் இசைத்தட்டு உற்பத்தி முழுவதும் இருந்தது. அது வெளியிடாத பாடலுக்குக் கடையில் இடமில்லை. பீட்டில்ஸ் அலை ஊரெங்கும் பரவியபோது அரசு அதைத் தனக்கு ஏற்ற வடிவில் வாங்கிக்கொண்டது. ‘குரல்–வாத்தியக் குழு’ என்ற பெயரில் தொழில்முறைக் குழுக்கள் அமைந்தன. 1966இல் லெனின்கிராடில் தோன்றிய ‘பாடும் கிட்டார்கள்’ அவற்றில் முன்னோடி. மின்சாரக் கிட்டார் இருக்கும். உடையும் முடியும் ஒழுங்காக இருக்க வேண்டும். பாடல்களைப் பெரும்பாலும் இசையமைப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களே எழுத வேண்டும். இவற்றில் பெலாரஸின் பெஸ்னியாரி போன்ற அருமையான குழுக்களும் இருந்தன. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாட நினைத்தவருக்குத்தான் அங்கே கதவு திறக்கவில்லை.

அப்படிப்பட்டவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘அமெச்சூர்’கள். பாடலாம், ஆனால் காசு வாங்கக் கூடாது. பள்ளி, கல்லூரி, தொழிற்சாலை விழாக்களில் அனுமதியோடும், பலசமயம் அனுமதி இல்லாமலும் வாசித்தார்கள். 1969இல் மாஸ்கோவில் ஆந்திரேய் மகரேவிச் தொடங்கிய ‘மஷீனா வ்ரேமெனி’யும், 1972இல் லெனின்கிராடில் போரிஸ் கிரெபென்ஷிகோவும் அவருடைய நண்பர் அனத்தோலி குனித்ஸ்கியும் தொடங்கிய அக்வாரியமும் இந்த வழியில் வந்தவை. நல்ல கிட்டார் கிடைப்பது அபூர்வம். கிட்டாருக்கான பிக்கப் செய்யப் பொதுத் தொலைபேசிகளின் கைப்பிடியைக் கழற்றி உள்ளிருக்கும் பாகத்தை எடுத்துக்கொண்ட கதையை அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்கள் பலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மன்றம் பிறந்த சூழல்

1978 ஜூலை 4 அன்று லெனின்கிராட் அரண்மனைச் சதுக்கத்தில் சந்தானா, ஜோன் பேயஸ், பீச் பாய்ஸ் ஆகியோர் சோவியத் கலைஞர்களோடு பாடப்போவதாக உள்ளூர்ச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. கச்சேரி ரத்தாகிவிட்டது, ஆனால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சும் வண்டிகளைக் கொண்டு அவர்களைக் கலைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி நகர அதிகாரிகளுக்குப் புதியது.

1980 மார்ச்சில் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் ‘வசந்தத் தாளங்கள்’ என்ற பெயரில் அரசு ஒப்புதலோடு ராக் விழா நடந்தது. மஷீனா வ்ரேமெனியும் எஸ்டோனியாவின் மாக்னெடிக் பாண்டும் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டன. அக்வாரியம் மேடையேறியபோது கிரெபென்ஷிகோவ் தரையில் படுத்துக்கொண்டு கிட்டார் வாசித்தார். நடுவர்கள் எழுந்து வெளியேறினார்கள். செய்தி லெனின்கிராட் வந்து சேர்ந்தது. கணிதம் படித்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவந்த கிரெபென்ஷிகோவ் வேலையையும் கொம்சொமோல் என்னும் இளங்கம்யூனிஸ்ட் சங்க உறுப்பினர் தகுதியையும் இழந்தார். இதற்குப் பிறகுதான் அவர் தம்மை முழுமையாக இசைக்குக் கொடுத்தார். இந்த ஒரு தண்டனையால் ரஷ்ய இசைக்குக் கிடைத்த லாபம் பெரிது.

அடுத்த ஆண்டு மன்றம் திறந்தது. இசைக்குழுக்கள் பல ஆண்டுகளாகவே இப்படியொரு இடம் கேட்டு மனுப்போட்டு வந்திருந்தன. அதிகாரிகளும் இப்போது அதில் ஒரு பயனைக் கண்டார்கள். ஆங்காங்கே அடித்தளங்களிலும் வீடுகளிலும் நடப்பவை ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டால் யார் என்ன பாடுகிறார் என்று பார்க்கலாம். அந்நாளில் லெனின்கிராட் கேஜிபியில் உயர் பதவியில் இருந்த ஓலெக் காலுகின், மன்றம் அமைந்ததில் தம் அமைப்புக்குப் பங்கிருந்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். மன்றத்தின் கூட்டங்களில் யார் உளவுத்துறை ஆள் என்பது பெரும்பாலும் உறுப்பினர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ருபின்ஸ்டீன் தெரு 13

கட்டடம் தொழிற்சங்கங்களின் ‘அமெச்சூர் கலை இல்லம்’. பாட்டு, நடனம், நாடகம் என்று தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் பயிலும் இடம். அதில் ஒரு பிரிவாக ராக் மன்றம் இயங்கியது. உறுப்பினராக விரும்பும் குழு ஒன்று தேர்வு வாசிப்பு நடத்திக் காட்ட வேண்டும். மன்றக் குழு வாக்கெடுத்துச் சேர்த்துக்கொள்ளும். தொடக்கக் கச்சேரியில் ரஸியானே, பிக்னிக், மிஃபி போன்ற அந்நாளைய பிரபலக் குழுக்கள் பாடின. 1980களில் நெடுங்காலம் நிகோலாய் மிஹாய்லவ் தலைவராக இருந்து, ஒருபுறம் அதிகாரிகளையும் மறுபுறம் அடங்காத இசைக்கலைஞர்களையும் சமாளித்தார்.

நுழைவுச்சீட்டு விற்பனை கிடையாது. உறுப்பினர்களுக்கு அழைப்புச் சீட்டுகள் வரும். அவை கைமாறிக் கைமாறி நகரெங்கும் போகும். சிறிய அரங்கு. ரசிகர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து ஆடினால் ஓரத்தில் நிற்கும் தொண்டர்படையினர் வந்து அமர்த்துவார்கள். பாடுபவருக்கு ஒரு கோபெக்கும் கிடையாது. ஆண்டுக்கொரு விழா, முதலாவது 1983இல் நடந்தது. விழா முடிந்ததும் நடுவர்கள் ஒவ்வொரு குழுவையும் அலசி விமரிசிப்பார்கள். குழுக்கள் ஒன்றையொன்று நேரில் கேட்டதும், போட்டியிட்டதும், ஒருவர் குழுவில் மற்றவர் போய் வாசித்ததும் இங்கேதான். பியானோக் கலைஞர் செர்கேய் குர்யோகின் அக்வாரியத்தில் வாசிப்பார். அடுத்து அவருடைய ‘பாப்–மெகானிகா’வில் பாதி நகரத்து இசைக்கலைஞர்களும் மேடையேறுவார்கள். தனித்தனியே ஒளிந்து பாடிக்கொண்டிருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்காது. கண்காணிக்க வசதியாக இருக்கும் என்று ஒரே இடத்தில் கூட்டியதன் எதிர்பாராத விளைவு இது.

மன்றத்துக்கு, அதற்கும் முன்பே தொடங்கியிருந்த ஒரு பத்திரிகையும் இருந்தது. 1977இல் கிரெபென்ஷிகோவ், மைக் நவுமென்கோ, பீட்டில்ஸ் பித்தர் கோல்யா வாசின் ஆகியோர் தொடங்கிய ‘ரோக்ஸி’, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த சில பிரதிகளாக வரும். படித்தவர் மறுபடி தட்டச்சு செய்து அடுத்தவருக்குக் கொடுப்பார். சோவியத் நாட்டின் முதல் ராக் பத்திரிகையாக இதையே குறிப்பிடுகிறார்கள்.

பாடல் வரிக்கு முத்திரை

மேடையில் பாடவிருக்கும் ஒவ்வொரு பாடலின் வரிகளையும் தட்டச்சு செய்து முன்கூட்டியே கலை இல்லத்தில் கொடுக்க வேண்டும். அங்குள்ள பொறுப்பாளர் படித்து முத்திரையிட்டால்தான் பாடலாம். முத்திரை இல்லாத பாடலைப் பாடிய குழுவுக்குச் சில மாதங்கள் மேடை கிடையாது.

இதைச் சமாளிக்கப் பலவழிகள். தடித்த சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டு மேடையில் பழைய சொல்லையே பாடுவது ஒன்று. பாடல் ஏதோ முதலாளித்துவ நாட்டைக் கண்டிக்கிறது என்று குறிப்பு எழுதித் தருவது இன்னொன்று. ஸூபார்க் குழுவின் நவுமென்கோ பாடிய கொச்சை கலந்த காதல் பாடல்களை மேற்கத்திய இளைஞனின் சீரழிவைக் காட்டும் நையாண்டிகள் என்று சொல்லி முத்திரை வாங்கினார்கள். பொறுப்பாளர்களிலும் கண்டிப்பானவர்கள் மட்டுமே இருக்கவில்லை. பின்னாளில் அந்தப் பணியில் இருந்த நீனா பாரனோவ்ஸ்கயா போன்றோர் இசைக்கலைஞர்கள் பக்கமே சாய்ந்தார்கள். 1984 விழாவில் கினோ குழுவின் விக்டர் சோய், தன் வீட்டை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவிக்கும் ஒரு பாடலைப் பாடினார். அதைச் சிறந்த போர் எதிர்ப்புப் பாடல் என்று தேர்ந்தெடுத்தார்கள். சமாதானப் பிரசாரம் அரசுக் கொள்கையாக இருந்த நாட்டில் மறுக்க முடியாத பாடல் அது.

தணிக்கை பாடலைக் கூர்மையாக்கியது என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதை முழுக்க ஏற்க முடியாது. மறைபொருளில் எழுதும் திறமை வளர்ந்தது உண்மைதான். ஆனால் முத்திரை கிடைக்காமல் மேடையேறாத பாடல்களையும், சலித்துப்போய்க் கிட்டாரைக் கீழே வைத்தவர்களையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

திரோப்பில்லோவின் ஒலிப்பதிவுக் கூடம்

மன்றம் மேடையைக் கொடுத்தது. ஒலிப்பதிவுக்கு அங்கே வழியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஆந்திரேய் திரோப்பில்லோ. லெனின்கிராடின் ஓஹ்தா பகுதியில் இருந்த இளம் பயனியர் இல்லத்தில், பள்ளி மாணவர்களுக்கு ஒலிப்பதிவு கற்பிக்கும் வட்டத்தை அவர் நடத்தினார். அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டிய பதிவுக் கருவிகளைத் தேடிச் சேர்த்து அங்கே ஒரு கூடம் அமைத்தார். பகலில் சிறுவர்களுக்குப் பாடம். மற்ற நேரத்தில் இசைக்குழுக்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாமே மாணவர்களின் செய்முறைப் பயிற்சி. அதிகாரிகள் வரும் செய்தி தெரிந்தால் குழு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்.

1981இல் அக்வாரியத்தின் ‘நீல ஆல்பம்’ இங்கே உருவானது. அதன் சிறப்பு, அது ஒரு முழு ஆல்பமாகவே திட்டமிடப்பட்டது என்பது. கச்சேரியில் யாரோ பதிந்த டேப்பாக இல்லாமல், பாடல்களுக்கு வரிசையும் தலைப்பும் அட்டையும் அமைந்தன. ஆந்திரேய் ஊசவ் எடுத்த புகைப்படங்களைப் பிரதி எடுத்து டேப் பெட்டிகளின்மேல் கையால் ஒட்டினார்கள். திரோப்பில்லோவின் கூடத்துக்கு ‘அன்த்ரோப்’ என்று பெயரும் வந்தது. ஒரு சில மூலப்பிரதிகள் ரயிலேறி மாஸ்கோ, ஸ்வெர்ட்லோவ்ஸ்க், விளாதிவஸ்தோக் என்று போகும். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு டேப் ரெக்கார்டரை இணைத்து யாராவது பிரதி எடுப்பார்கள். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். மெலோதியா ஒரு தட்டுக்கூட வெளியிடாத குழுவின் பாடல்களைச் சைபீரியாவில் ஒரு மாணவர் மனப்பாடமாகப் பாடியது இப்படித்தான்.

1982இல் கினோவின் முதல் ஆல்பம் ‘45’ இங்கேயே பதிவானது. அப்போது கினோ என்பது சோயும் அலெக்ஸேய் ரீபினும் மட்டுமே. மூன்றாமவரான ட்ரம்ஸ் கலைஞர் இராணுவச் சேவைக்குப் போய்விட்டார். எனவே ட்ரம்ஸுக்குப் பதில் ஒரு தாளப்பெட்டியை ஓடவிட்டார்கள். பாஸ் கிட்டார், செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் அக்வாரியம் நண்பர்கள். சோய்க்கு அப்போது இருபது வயது ஆகவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. மின்சார ரயில், சோம்பேறி மதியம், சிகரெட், மழை என்று ஒரு நகரத்து இளைஞனின் நாட்களை அவர் எளிய சொற்களில் பாடினார். அந்தப் பதிவின் மெலிந்த ஒலியே இன்று அதற்கு அழகாக இருக்கிறது.

வயிற்றுப்பாடு

சோவியத் சட்டத்தில் வேலையில்லாமல் இருப்பது குற்றம். இதே லெனின்கிராடில்தான் 1964இல் கவிஞர் யோசிஃப் பிராட்ஸ்கியை ‘சமுதாய ஒட்டுண்ணி’ என்று விசாரித்து ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புக்கு வடக்கே அனுப்பினார்கள். எனவே அமெச்சூர் இசைக்கலைஞருக்கு வேலைக் குறிப்பேட்டில் ஏதாவதொரு முத்திரை அவசியம். கேள்வி கேட்காத, நேரம் மிஞ்சும் வேலைகளைத் தேடிப் போனார்கள். நவுமென்கோ இராக்காவலாளி. அவுக்த்சியோன் குழுவின் ஓலெக் கர்குஷா திரையரங்கில் படம் ஓட்டுபவர். மரச்செதுக்கு வேலை கற்றிருந்த சோய், 1986 முதல் பிளோகின் தெருவில் ஒரு கட்டடத்தின் நிலக்கரிக் கொதிகலன் அறையில் வேலை பார்த்தார். கரி அள்ளிப் போட்டு அழுத்தமானியைக் கவனிப்பது வேலை. ஒரு முழுநாள் முறை முடிந்தால் அடுத்துச் சில நாட்கள் ஓய்வு. பாட்டெழுதவும் ஒத்திகை பார்க்கவும் அந்த ஓய்வு உதவியது. ‘கம்சாத்கா’ என்று பெயர்பெற்ற அந்த அறையில் பாடகர் பாஷ்லச்சோவ் உட்படப் பல இசைக்கலைஞர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. அலெக்ஸேய் உச்சிதெல் 1987இல் எடுத்த ‘ராக்’ ஆவணப்படத்தில் சோய் அந்த உலைக்கு முன் நிற்பதைக் காணலாம். கட்டடத்தில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

கடும் ஆண்டுகள்

1983, 1984 ஆகிய ஆண்டுகள்தான் மிகக் கடினமானவை. ஆந்திரோபவ், செர்னென்கோ ஆட்சிக்காலம். இசைக்குழுக்களின் பாடல்களில் எண்பது விழுக்காடு இசையமைப்பாளர் சங்க உறுப்பினர்கள் இயற்றியவையாக இருக்க வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. ஒலிபரப்பவோ நடனக்கூடத்தில் போடவோ கூடாத குழுக்களின் பட்டியல்கள் சுற்றுக்கு வந்தன. மாஸ்கோவில் வஸ்க்ரெசேனியே குழுவின் அலெக்ஸேய் ரமானவ் கச்சேரிக்குக் காசு வாங்கியதாகக் கைதாகி மாதக்கணக்கில் காவலில் இருந்தார். ஊஃபா நகரில் டிடிடி குழுவின் யூரி ஷெவ்சுக், சிற்றூர் வாழ்வைப் பற்றிய ‘பெரிஃபெரியா’ ஆல்பத்துக்காக விசாரணைக்குள்ளாகி, இனிப் பாட மாட்டேன் என்று எழுதித்தரும்படி நெருக்கப்பட்டார். பின்னர் லெனின்கிராடுக்கே குடிபெயர்ந்தார். சைபீரியாவின் ஓம்ஸ்கில் இசைக்கலைஞர் யெகோர் லெத்தவை 1985 இறுதியில் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள்.

இந்த ஒப்பீட்டில்தான் லெனின்கிராட் மன்றத்தின் அருமை தெரிகிறது. மற்ற ஊர்களில் சிறையும் மருத்துவமனையும் காத்திருந்தபோது இங்கே ஒரு மேடையும் ஆண்டு விழாவும் நிலைத்து நின்றன. உளவுத்துறையின் கை இருந்தது என்பதற்காக இதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

‘சிவப்பு அலை’

1984இல் லெனின்கிராட் வந்த அமெரிக்கப் பாடகி ஜோவன்னா ஸ்டிங்ரே, கிரெபென்ஷிகோவைச் சந்தித்தார். அடுத்தடுத்த பயணங்களில் டேப்புகளைச் சுங்கத்துக்குத் தெரியாமல் கொண்டுபோனார். 1986 ஜூனில் அக்வாரியம், கினோ, அலிஸா, ஸ்திரான்னியே இக்ரி ஆகிய நான்கு குழுக்களின் பாடல்களோடு ‘ரெட் வேவ்’ என்ற இரட்டை இசைத்தட்டு அமெரிக்காவில் வெளியானது. குழுவுக்கு ஒரு பக்கம். அமெரிக்கக் கடையில் கிடைக்கும் சோவியத் இசை சோவியத் கடையில் இல்லை என்பது தர்மசங்கடமான நிலை. விரைவிலேயே மெலோதியா, திரோப்பில்லோ பதிந்த பாடல்களைக் கொண்டு அக்வாரியத்தின் இசைத்தட்டை வெளியிட்டது. வாங்க வரிசை நின்றது. ஸ்டிங்ரேக்குச் சிலகாலம் விசா மறுத்தார்கள். 1987இல் கினோவின் கிட்டார் கலைஞர் யூரி கஸ்பரியானை அவர் மணந்தார். ஸ்டிங்ரே கொண்டுவந்த சிறிய நான்குதடப் பதிவுக்கருவி ஒன்றில்தான் கினோ ‘க்ரூப்பா க்ரோவி’ ஆல்பத்தைப் பதிந்தது. அதுவும் ட்ரம்ஸ் கலைஞர் குர்யானவின் வீட்டில்.

அரங்குகளும் கலைவும்

கொர்பச்சோவ் காலத்தில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1986 மே மாதம் செர்னோபில் அணு உலை விபத்து நிவாரணத்துக்காக மாஸ்கோவில் நிதிக் கச்சேரி நடந்தது. அதே ஆண்டு மன்ற விழாவில் கினோ ‘பெரெமென்’ பாடலை முதன்முறை பாடியது. மாற்றம் வேண்டும் என்பது அதன் கரு. செர்கேய் சலவியோவ் இயக்கிய ‘அஸ்ஸா’ (1987) திரைப்படம் அந்தப் பாடலோடு முடிய, நாடே அதைக் கேட்டது. எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1987 நவம்பரில் நடந்த ஒரு கச்சேரியை அடுத்து, அலிஸாவின் கான்ஸ்தாந்தீன் கின்சேவ் நாஜி முழக்கமிட்டதாக ‘ஸ்மேனா’ நாளிதழ் எழுதியது. அவர் நீதிமன்றம் போனார். பத்திரிகை மறுப்பு வெளியிட நேர்ந்தது. சோவியத் பத்திரிகையை ஒரு ராக் பாடகர் வழக்கில் எதிர்கொள்வது சில ஆண்டுகளுக்கு முன் நினைத்தும் பார்க்க முடியாதது.

விளையாட்டு அரங்குகளில் பாட அழைப்பும் பணமும் வந்ததும் ருபின்ஸ்டீன் தெருவின் சிறிய மேடைக்கு ஆளில்லாமல் போயிற்று. முத்திரை தேவையில்லை, அழைப்புச் சீட்டு தேவையில்லை. மன்றத்தின் வேலையும் முடிந்துவிட்டது. திரோப்பில்லோ மெலோதியாவின் லெனின்கிராட் கிளைக்கே பொறுப்பாளராகி, முன்பு ஒளித்துப் பதிந்த ஆல்பங்களைத் தட்டுகளாக வெளியிட்டார். மன்றம் 1990களின் தொடக்கத்தில் செயலற்றுப் போனது.

மனிதர்களும் தங்கவில்லை. பாஷ்லச்சோவ் 1988 பிப்ரவரியில், இருபத்தேழு வயதில் இறந்தார். 1990 ஜூன் 24 அன்று மாஸ்கோவின் லூஷ்னிகி அரங்கில் பல்லாயிரம் பேர்முன் பாடிய சோய், ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் பேருந்தோடு கார் மோதி இறந்தார், வயது 28. நவுமென்கோ 1991 ஆகஸ்ட் 27 அன்று காலமானார். பத்து நாட்கள் கழித்து நகரமும் தன் பழைய பெயருக்குத் திரும்பியது.

பிற்காலம்

மன்றத்திலிருந்து வந்தவர்கள் பின்னாளில் ஒரே பக்கம் நிற்கவில்லை. கின்சேவ் ரஷ்யத் தேசியவாதத்தின் பக்கம் போனார். ஷெவ்சுக் 2022இல் உக்ரைன் போரை எதிர்த்து மேடையில் பேசியதற்காக அபராதம் கட்டினார். கிரெபென்ஷிகோவை 2023இல் ரஷ்ய அரசு ‘வெளிநாட்டு முகவர்’ பட்டியலில் சேர்த்தது. அவர் அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். ‘பெரெமென்’ அரசியல் பாடல் அல்ல என்பதே சோயின் நிலைப்பாடு. கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில், பெலாரஸ் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, மின்ஸ்கில் அரசு ஏற்பாடு செய்த ஒரு நிகழ்ச்சியில் ஒலியமைப்பாளர் இருவர் அந்தப் பாடலை ஒலிக்கவிட்டார்கள். அவர்களுக்குப் பத்து நாள் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த வாரங்களில் பெலாரஸின் தெருக்களில் ஆர்ப்பாட்டக்காரர்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.